கெட்டவர்களுக்கும் அந்த மலை சொந்தம்தான்

'அவதார்' மூன்றாம் பாகத்தின் டிரெய்லர் 2025 ஜூலை 28 அன்று இணையத்தில் வந்தது. படத்தின் பெயர் 'ஃபயர் அண்ட் ஆஷ்', அதாவது நெருப்பும் சாம்பலும். 2025 டிசம்பர் 19 அன்று திரைக்கு வந்தது. முதல் பாகம் 2009 டிசம்பரில் வந்தது, இரண்டாம் பாகம் 2022 டிசம்பரில். முதல் பாகம் வந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்றைக்கு மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். முள்ளுக்குறிச்சியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிறவர்களும் அந்த வயதுக்காரர்கள்தான். பாதிப் பேர் அடிவாரச் சேரிப் பிள்ளைகள், மீதிப் பேர் கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் மலையாளிப் பிள்ளைகள். ஒரு வாரமாக அவர்களுக்குள் இந்த டிரெய்லரைப் பற்றித்தான் வாக்குவாதம். உலகம் முழுக்க ரசிகர்கள் மல்லுக்கட்டுவதும் இதே விஷயத்துக்குத்தான்.

விஷயம் இதுதான். இதுவரை இந்தத் தொடரில் பாண்டோரா கிரகத்தின் பூர்வகுடிகளான 'நாவி' மக்கள் எல்லோரும் நல்லவர்கள். காட்டில் வாழும் குலம் நல்லது, கடலோரம் வாழும் குலம் நல்லது. பூமியிலிருந்து கனிமம் தேடி வரும் மனிதர்கள் கெட்டவர்கள். புதிய டிரெய்லரில் முதன்முறையாக ஒரு கெட்ட நாவி குலம் வருகிறது. ரசிகர்கள் அவர்களைச் 'சாம்பல் மக்கள்' என்கிறார்கள். எரிமலைச் சாம்பல் படிந்த நிலம், உடம்பெல்லாம் பூச்சு, கையில் நெருப்பு. வராங் என்கிற பெண் அவர்களுக்குத் தலைவி. அவள் தன் இனத்தவர் மீதே பாய்கிறாள். மற்ற நாவிகள் கும்பிடும் ஏவா என்கிற தாய்த்தெய்வத்துக்கு இங்கே அதிகாரம் கிடையாது என்கிறாள்.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். "நல்லவேளை, பழங்குடி என்றாலே புனிதர்கள் என்று காட்டுவது முடிந்தது, இப்போதுதான் கதையில் ஆழம் வந்திருக்கிறது" என்பது ஒரு கட்சி. "உடம்பில் பூச்சும் கையில் தீப்பந்தமுமாகப் பழங்குடியை மறுபடி காட்டுமிராண்டி ஆக்கிவிட்டார்கள்" என்பது இன்னொரு கட்சி. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனின் பதில் முதல் கட்சிக்கு ஆதரவாக இருக்கிறது. மனிதர்கள் எல்லாம் கெட்டவர்கள், நாவிகள் எல்லாம் நல்லவர்கள் என்கிற கறுப்பு வெள்ளைக் கதையைத் தாண்ட விரும்புவதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வராங்கின் மக்கள் பெருந்துன்பத்தைக் கடந்து இறுகிப்போனவர்கள் என்றும் சொல்கிறார்.

எங்கள் வகுப்பில் ஒரு பையன் கேட்டது எந்தக் கட்சியிலும் சேராத கேள்வி. "அக்கா, இவங்க கெட்டவங்கன்னு காட்டிட்டா, அப்புறம் இவங்க எடத்த மனுசங்க எடுத்துக்கிட்டா தப்பில்லைன்னு ஆயிடுமா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. இரண்டு கட்சிக்காரர்களும் தங்களை அறியாமல் ஒரே தராசைத்தான் கையில் பிடித்திருக்கிறார்கள் என்பது என் வாதம். ஒரு மக்கள் கூட்டம் நல்லதா கெட்டதா என்று எடை போட்டு, அதை வைத்து அவர்களுக்கு நம் அனுதாபம் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிற தராசு. கெட்டவர்களாகக் காட்டலாமா என்று ஒருவர் கேட்கிறார், காட்டக் கூடாதா என்று மற்றவர் கேட்கிறார். கெட்டவர்களாகவே இருந்தாலும் அவர்களுடைய நிலம் யாருடையது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

இது வெறும் சினிமாச் சண்டையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். இந்தத் தொடருக்கும் நம் மலைக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. முதல் பாகத்தில் மனிதர்கள் பாண்டோராவுக்கு வருவது ஒரு கனிமத்துக்காக. நாவிகளின் குடியிருப்பு மரத்துக்கு அடியில் அது இருக்கிறது. கொல்லிமலையின் அடியிலும் ஒரு கனிமம் இருக்கிறது, பாக்சைட். அலுமினியம் எடுக்கும் மண். மேட்டூரில் இருந்த மால்கோ என்கிற மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி பல ஆண்டுகள் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் அதை வெட்டி எடுத்தது. 1995-இல் அந்தக் கம்பெனி ஸ்டெர்லைட் கைக்கு, அதாவது இன்றைய வேதாந்தா குழுமத்தின் கைக்குப் போனது. 2008 கடைசியில் மேட்டூர் உருக்காலை நின்றது, மலையில் தோண்டுவதும் நின்றது.

அதே வேதாந்தா குழுமம் ஒடிசாவின் நியம்கிரி மலையிலும் பாக்சைட் எடுக்கத் திட்டமிட்டிருந்தது. அங்கே டோங்ரியா கோந்த் பழங்குடிகள் எதிர்த்தார்கள். 'அவதார்' வந்து ஓரிரு மாதங்களில், 2010 பிப்ரவரியில், சர்வைவல் இன்டர்நேஷனல் என்கிற அமைப்பு 'வெரைட்டி' என்ற ஹாலிவுட் பத்திரிகையில் கேமரூனுக்கு விளம்பரம் மூலம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. உங்கள் படம் கற்பனை, ஆனால் இந்தியாவில் அது நிஜமாக நடக்கிறது, உதவுங்கள் என்பது அதன் சாரம். உலகப் பத்திரிகைகள் டோங்ரியா மக்களை 'நிஜ நாவிகள்' என்று எழுதின. 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், முடிவை கிராம சபைகளிடம் விடச் சொன்னது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகமும் திட்டத்தை நிராகரித்தது.

நியம்கிரி வெற்றி நம் எல்லோருக்கும் சொந்தமான வெற்றி. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த 'நிஜ நாவி' என்கிற பட்டத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். டோங்ரியா மக்கள் உலகத்தின் மனதைத் தொட்டதற்கு ஒரு காரணம், அவர்கள் மலையை நியமராஜா என்று கும்பிடுகிறவர்கள், இயற்கையோடு ஒட்டி வாழ்கிறவர்கள், பார்ப்பதற்குப் படத்தில் வருபவர்களைப் போல இருப்பவர்கள். கொல்லிமலைக்காரர்கள் அப்படி இல்லை. லுங்கியும் சட்டையும் போட்டுக்கொண்டு மிளகும் காபியும் மரவள்ளியும் பயிரிடுகிறவர்கள். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் மலையைத் தோண்டியபோது அந்த அளவுக்கு வெளிச்சம் விழவில்லை. உரிமை கேட்க முதலில் நாவி மாதிரி இருந்து காட்ட வேண்டும் என்றால், பெரும்பாலான பழங்குடிகள் அந்தத் தேர்வில் தோற்றுப்போவார்கள்.

கேமரூனுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 2010-இல் பிரேசிலின் ஷிங்கு பகுதிப் பழங்குடிகளுக்கு ஆதரவாக பெலோ மோன்டே அணையை எதிர்த்து அவர் நேரில் போய் நின்றார். பாராட்ட வேண்டிய காரியம். அதே சமயம் ஒரு பேட்டியில், அமெரிக்காவின் லகோட்டா மக்களுக்குத் தங்கள் எதிர்காலம் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் கடுமையாகப் போராடியிருப்பார்கள் என்கிற பொருளில் பேசினார். 2022-இல் இரண்டாம் பாகம் வந்தபோது அந்தப் பேச்சு மறுபடி கிளம்பியது, தொல்குடிச் செயல்பாட்டாளர்கள் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். போராடினாலும் போதாது, சரியான அளவில் போராட வேண்டும் என்று மார்க் போடுகிற மனநிலை அது. நல்லெண்ணம் உள்ளவர்களிடமும் அந்தத் தராசு இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அதே தராசு தமிழ்நாட்டில் என்ன செய்திருக்கிறது?

'கெட்ட குலம்' என்பது ஹாலிவுட் கண்டுபிடித்த கற்பனை அல்ல. அது இந்த நாட்டில் சட்டமாகவே இருந்தது. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில், ஒரு குடியில் பிறந்துவிட்டாலே குற்றவாளி. ஊரை விட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும், காவல் நிலையத்தில் ஆஜர் சொல்ல வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். குறவர்கள் முதல் பிறமலைக் கள்ளர்கள் வரை அதில் சிக்கினார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைச் சட்டத்தை எதிர்த்த மக்கள் சுடப்பட்டார்கள். சுதந்திரம் வந்து ஐந்து ஆண்டு கழித்து, 1952 ஆகஸ்டில்தான் அந்தச் சட்டம் ரத்தானது. சட்டம்தான் ரத்தானது. ஒரு திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகும் என்பது இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

வாச்சாத்திக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள ஊர். அங்கே இருப்பவர்களும் கொல்லிமலைக்காரர்களைப் போல மலையாளிப் பழங்குடிகள்தான். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக்காரர்கள் சேர்ந்து ஊருக்குள் புகுந்தார்கள். சந்தன மரம் கடத்துகிற ஊர் என்பது அவர்கள் சொன்ன காரணம். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை முடிவதற்குள் அதில் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடந்ததற்கும் உறுதியான தீர்ப்புக்கும் நடுவில் 31 ஆண்டுகள்.

அந்த 31 ஆண்டுகளும் அந்தப் பெண்களைத் துரத்திய சொல் 'கடத்தல்காரர்கள்'. ஊரில் சந்தனக் கட்டை இருந்ததா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. வீட்டுக்கு வீடு கட்டை இருந்திருந்தாலும் அந்த 18 பெண்களுக்கு நடந்தது அதே குற்றம்தான். இவ்வளவு எளிய உண்மையை நம் சமூகம் ஏற்றுக்கொள்ள அவர்கள் முதலில் தாங்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிகள். செம்மரம் வெட்ட வந்தவர்கள், எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. "கூலிக்கு வந்த அப்பாவிகள்" என்று நாம் சொன்னோம். "திருட்டு மரம் வெட்டப் போனால் சுடத்தானே செய்வார்கள்" என்று டீக்கடையில் பதில் வந்தது. நம்முடைய பதிலிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவர்கள் மரம் வெட்டவே போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். மரம் வெட்டியதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை? வழக்கு, நீதிமன்றம், சிறை. துப்பாக்கிக் குண்டு எந்தச் சட்டத்திலும் கிடையாது. அப்பாவி என்று வாதாடும்போது, அப்பாவி இல்லாதவனைச் சுடலாம் என்று நாமும் அரைவாசி ஒப்புக்கொள்கிறோம்.

'ஜெய் பீம்' வந்தபோது தமிழ்நாடே அழுதது. 1993-இல் நடந்த காவல்நிலையக் கொலையை அடிப்படையாகக் கொண்ட படம். அதில் வரும் ராசாக்கண்ணு நகையைத் திருடவில்லை. அதுதான் பார்ப்பவர்களை உலுக்கியது. ஒரு நிமிடம் மாற்றி யோசித்துப் பாருங்கள். அவன் திருடியிருந்தால்? அப்போதும் நீங்கள் அழுதிருப்பீர்களா? லாக்கப்பில் அடித்துக் கொல்வது அப்போதும் கொலைதானே? அந்தப் படத்தைக் குறை சொல்லவில்லை, அது செய்த நன்மை பெரிது. ஆனால் திருடிய ராசாக்கண்ணுவுக்காக ஒரு படம் எடுத்தால் எத்தனை பேர் டிக்கெட் வாங்குவார்கள் என்பதுதான் நம் சமூகத்தின் உண்மையான சோதனை.

இந்த டிரெய்லர் வருவதற்கு முதல் நாள், ஜூலை 27 அன்று, பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். 27 வயது, மென்பொருள் பொறியாளர், பட்டியல் சாதி இளைஞர். இரங்கல் செய்திகளைக் கவனித்தீர்களா? நன்றாகப் படித்தவர், பெரிய கம்பெனியில் வேலை, கை நிறையச் சம்பளம் என்று திரும்பத் திரும்ப வந்தது. அவரை இழந்தவர்கள் அதைச் சொல்லி அழுவது இயல்பு, அதில் பிழையே இல்லை. ஆனால் பொதுச் சமூகம் அதை ஏன் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது? பத்தாம் வகுப்பில் தவறி, ஆட்டோ ஓட்டி, எப்போதாவது குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற ஒரு பையனாக இருந்தால் அந்தக் கொலை கொஞ்சம் சின்னதாகிவிடுமா? சேரியில் வேலை செய்கிற எனக்குத் தெரியும், அப்படிப்பட்ட பையன்கள் செத்தால் மாவட்டச் செய்தியில் நாலு வரி.

தராசின் இன்னொரு தட்டும் உண்டு. நல்லவர்களா என்று கேட்பதோடு, அசலா என்றும் கேட்பார்கள். மலையாளிகள் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பட்டியல் பழங்குடி. ஆனால் அவர்கள் பட்டியலில் இருப்பது குறிப்பிட்ட பழைய மாவட்டங்களில் மட்டும். சேலம் மாவட்டம் அதில் இருப்பதால், 1997-இல் நாமக்கல் தனியாகப் பிரிந்த பிறகும் கொல்லிமலைக்காரர்கள் பழங்குடிகள். அதே மக்கள், அதே பேச்சு, ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருந்தால் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிடைக்கிற இடத்திலும் சான்றிதழுக்குப் போனால் குலதெய்வம் என்ன, திருமணச் சடங்கு என்ன, பார்த்தால் மற்றவர்களைப் போலத்தானே இருக்கிறீர்கள் என்கிற கேள்விகள். பாண்டோராவில் நீல நிறமும் வாலும் இருப்பதால் நாவிக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. இங்கே வேண்டும்.

டிரெய்லரில் எனக்கு மிகவும் உறுத்தியது தெய்வத்தைப் பற்றிய இடம். மற்ற குலங்கள் ஏவாவைக் கும்பிடுகின்றன, நல்லவர்கள். பெருந்துன்பத்தில் இறுகிப்போன ஒரு குலம் ஏவாவை வேண்டாம் என்கிறது, வில்லன்கள். தனக்குத் துணை வராத தெய்வத்தை உதறுவது கெட்டவனாவதன் முதல் படியா? 1935-இல் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். அன்றைக்கும் அதை நன்றிகெட்ட செயல் என்றவர்கள் இருந்தார்கள். கும்பிட வந்தவனை வாசலில் நிறுத்திய தெய்வத்தை விட்டு வெளியேறுவது சுயமரியாதை என்று நம் வரலாறு சொல்கிறது. முழுப்படத்தில் வராங்குக்கு அந்த நியாயம் கிடைக்கிறதா, இல்லை அவள் வெறுமனே பேயாட்டம் ஆடுகிறாளா என்று பார்க்க வேண்டும்.

நண்பர்கள் கேட்பார்கள்: "பழங்குடியைப் புனிதராகவே காட்டுவதும் அவமானம் என்று நீங்கள்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? இப்போது கெட்டவர்களாகக் காட்டினாலும் குறை சொல்கிறீர்களே?" நியாயமான கேள்வி. கெட்ட பழங்குடி, கெட்ட தலித் திரையில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும். நம்மிலும் மனைவியை அடிக்கிறவன் இருக்கிறான், சொந்தக்காரன் நிலத்தைப் பிடுங்குகிறவன் இருக்கிறான். தோழரைக் காட்டிக்கொடுத்தவனும் இருக்கிறான். மனிதர்கள் என்றால் எல்லாம்தான். சாதி இந்துக் கதாநாயகனுக்குக் கோபமும் காமமும் பேராசையும் இருக்கலாம், நமக்கு மட்டும் கண்ணீர்தான் ஒதுக்கீடு என்றால் அதுவும் ஒரு தீண்டாமை.

நான் கேட்பது இரண்டு விஷயம். ஒன்று, தனிமனிதனின் தீமையைக் குலத்தின் தீமையாக்காதீர்கள். இந்தத் தொடரில் கர்னல் குவாரிச் என்கிற மனிதன் மூன்று பாகமாக வில்லன். அவனைப் பார்த்துவிட்டு மனித இனமே பூண்டோடு ஒழிய வேண்டும் என்று எந்த ரசிகரும் எழுதவில்லை. அவன் கெட்டவன், அவ்வளவுதான். ஆனால் வராங் வந்ததும் 'சாம்பல் மக்கள்' மொத்தமும் கெட்ட குலம் என்று பேசுகிறோம். ஒருவனுக்குப் பெயர் கிடைக்கிறது, இன்னொருத்தியின் மொத்த இனத்துக்கும் முத்திரை கிடைக்கிறது. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலையும் இதேதான். இரண்டு, தீமைக்கான தண்டனையையும் பிறப்புரிமையையும் குழப்பாதீர்கள். வராங் செய்யும் கொலைக்கு வராங் பதில் சொல்லட்டும். அதற்காக அந்த எரிமலை நிலம் கம்பெனிக்குப் போய்விடாது.

நியம்கிரியில் 12 கிராம சபைகள் கூடியபோது, ஓட்டுப் போட வந்தவர்களிடம் குடிப்பாயா, கடன் வாங்கித் திருப்பாமல் இருந்திருக்கிறாயா, அண்டை வீட்டுக்காரனோடு சண்டை போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. காட்டில் வாழ்கிறவருக்குக் காட்டின் மீது உரிமை, முடிவெடுக்க கிராம சபை. நன்னடத்தைச் சான்றிதழ் அதில் கேட்கப்படவில்லை. அந்தச் சட்டத்தின் பெரிய அழகே அதுதான்.

அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் சின்னது: "ஆகாதுடா. கெட்டவன் வீடும் அவன் வீடுதான்." டிரெய்லரைப் பார்த்து இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிற ரசிகர்கள், படத்தைப் பார்க்கும்போது இந்தப் பதிலையும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பல் மக்கள் தோற்றுப்போகும் காட்சி வந்தால் கைதட்டுங்கள், விசிலடிங்கள், அது சினிமா. ஆனால் அடுத்த முறை செய்தியில் 'கடத்தல் கும்பல் மீது துப்பாக்கிச் சூடு' என்று ஒரு வரி ஓடும்போது கை தட்டப் போகாமல் நிற்கட்டும். அந்தக் கும்பலில் இருந்தவர்களின் ஊர் எது, என்ன கூலிக்குப் போனார்கள், நீதிமன்றத்தில் ஏன் நிறுத்தப்படவில்லை என்று கேளுங்கள். அவர்கள் நல்லவர்களா என்பதைக் கடைசியாகக் கேட்கலாம். கேட்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.